மூன்று தண்ணீர்

கோகிலாவின் இரத்தத்தில் எல்லாச் சத்தும் நிறைவாக இருந்தது. அவள் புருஷன் மேல் திருட்டுப் பட்டம் விழுந்தது அதனால்தான்.

கோலார்ச் சீமையில் எப்போதோ கைவிடப்பட்ட ஒரு தங்கச் சுரங்கத்துக்குள் இருக்கும் ஊர் ஆழூர். தரைக்கு நூற்றைம்பது மீட்டர் கீழே நாலாயிரம் பேர். மேலே வருடத்தில் எட்டு மாதம் வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டும். மிச்சமிருக்கும் நாலு மாதத்தில் இயந்திரங்கள் உழுது, விதைத்து, அறுத்து முடித்துவிட வேண்டும். நெல்லும் துவரையும் கருகிப்போன அந்த மண்ணில் கொள்ளும் நரிப்பயறும் மட்டும் பிழைத்துக்கொண்டன. ஒரு காலத்தில் குதிரைக்கும் மாட்டுக்கும் போட்ட பயறுகள். பதினான்கு வருடமாக ஆழூர் அவற்றைத்தான் மாவாக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மாதம் ஒருமுறை எல்லோரும் வரிசையில் நின்று, இரத்தத்தில் சத்தை அளக்கும் விரல் மிஷினில் விரலை வைப்பார்கள். பழைய மிஷினுக்கு இரண்டே நிறம். பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம், மஞ்சள் என்றால் மருந்தகத்துக்குப் போக வேண்டும். இந்த வருடம் வந்த புது மிஷினில் மூன்றாவதாக ஒரு நீலமும் உண்டு. ஊரின் வழக்கமான அளவை மிகவும் தாண்டினால் அது எரியும். எரியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஐந்து மாத வயிற்றோடு கோகிலா விரலை வைத்தபோது எரிந்தது. அடுத்து அவள் புருஷன் முனிரத்தினம் வைத்தான். அவனுக்கும் நீலம். மாலைக்குள் ஆறு பேருக்கு நீலம் வந்தது. ஆறு பேரும் பயறை மாவாக்கும் பதன ஆலையின் வடிநீர்ப் பிரிவைச் சேர்ந்தவர்கள், அல்லது அவர்கள் வீட்டு ஆட்கள்.

ஊர்த்தலைவர் ஆரோன் பட்டியலோடு எமல்டாவின் அறைக்கு வந்தார். எமல்டா ஆழூரின் உணவுப் பாதுகாப்பு அதிகாரி. மருந்தகத்தின் சேமிப்பு அறைக்கும் அவள் கட்டைவிரல்தான் சாவி.

"சேமிப்புல கை வெச்சிருக்காங்கம்மா," என்றார் ஆரோன். "ஒரே மாவைத்தான் எல்லாரும் சாப்பிடுறோம். இவங்க ரத்தத்துல மட்டும் இரும்பும் ஃபோலேட்டும் எங்கிருந்து வரும்?"

"பீப்பாய் எடை பாத்தீங்களா அண்ணே?"

"பாத்தோம். ஈரத்துல கூடுது, குறையுது. ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா வேற வழி ஏதாவது இருக்கா, நீயே சொல்லு."

எமல்டாவுக்கும் வேறு வழி தெரியவில்லை. சத்து மருந்துப் பொடி அடுத்த வண்டி வரும்வரை நாலாயிரம் பேருக்குமான அவசரக் கையிருப்பு. அதைத் திருடினால் தண்டனை ஒன்றே ஒன்று: மேலே அனுப்பிவிடுவார்கள். அது மே மாதம். அடுத்த குடியிருப்புக்கு நூறு கிலோமீட்டர் நிழலில்லாத பாதை. வயிற்றுப் பிள்ளைக்காரி பாதி வழிகூடத் தாங்க மாட்டாள்.

"நாலு நாள்ல விசாரணை," என்றார் ஆரோன். "நீயும் உக்காரணும்."

அவர் போன பிறகு எமல்டா கோகிலாவின் ஸ்கேன் படத்தைத் திறந்து மறுபடி பார்த்தாள். காலையிலிருந்து அது நாலாவது தடவை. பிள்ளையின் முதுகெலும்பு ஒரு சிறு முத்துச்சரம்போல நேராக, எங்கும் இடைவெளியில்லாமல் மூடியிருந்தது. ஆழூரில் அப்படி ஒரு படத்தைப் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. முதுகு மூடாத பிள்ளைகளாக முப்பத்தொன்றைப் பெற்றுப் புதைத்த ஊர் அது. பாறையிலிருந்து கசியும் ரேடான் வாயுதான் காரணம் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். ஆறு வருடத்துக்கு முன் இனிப் பிள்ளை வேண்டாம் என்று ஊர்ச் சபையே பெண்களிடம் கேட்டுக்கொண்டது. அதையும் மீறி உண்டான ஒரு பிள்ளை, ஒரு குறையுமில்லாமல் வளர்கிறது. யாருக்கு என்று தெரியாமலே எமல்டா மனசுக்குள் நன்றி சொன்னாள்.

மறுநாள் அவள் முறை வந்தது. அதிகாரிகளுக்கு வரிசை கிடையாது, தனியறை. விரலை வைத்தாள்.

நீலம் எரிந்தது.

துடைத்துவிட்டு வேறு விரலை வைத்தாள். அதற்கும் நீலம். அவள் சேமிப்பு அறைக்குள் போய் மூன்று மாதமாகிறது. திருடவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சாவி அவள் கையில், ஏழாவது பெயர் அவளுடையது. எமல்டா மிஷினை அணைத்தாள். 'பழுது, பிறகு பார்க்கவும்' என்று எழுதி ஒட்டிவிட்டு வெளியே வந்தாள். அந்தத் தாளை ஒட்டிய கையை நினைத்து அன்று முழுக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வடிநீர்ப் பிரிவு ஆலையின் கடைசிக் கூடம். பயறு அங்கே மூன்று தொட்டிகளைக் கடந்து போகும். முதல் தொட்டியில் ஊறும், அந்தத் தண்ணீர் வடியும். இரண்டாவதில் வேகும், அதுவும் வடியும். மூன்றாவதில் மறுபடி வெந்து, மறுபடி வடிந்து, பிறகு சூட்டு உருளையில் சிவக்க வறுபட்டு மாவாகும். மூன்று தண்ணீரும் சாக்கடையில் விழுந்து, பம்ப் ஏற்ற மேலே வயலுக்குப் போய்விடும். இதற்கு ஊரில் 'எமல்டா முறை' என்று பெயர்.

அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஊர் உண்டான முதல் வருடம், வெளியிலிருந்து வந்த மூட்டைகளில் பூனைக்காலி விதை கலந்திருந்தது. பக்குவமாக வேகவைக்காவிட்டால் விஷம். பதினொரு பேர் வாந்தியெடுத்துப் பிதற்றிக்கொண்டு விழுந்தார்கள். மூன்று பேர் செத்தார்கள். மூவரில் ஒருவன் லாரன்ஸ், எமல்டாவின் தம்பி. அவனைப் புதைத்த வாரத்தில்தான் அவள் மூன்று தண்ணீர் விதியை எழுதினாள். அதற்குப் பிறகு ஆழூரில் ஒருவர்கூட உணவால் சாகவில்லை. வருடாவருடம் அந்த நாளில் ஜனங்கள் அவள் வாசலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள்.

முனிரத்தினத்தை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். கூடத்தின் மூலையில் கதவுக்குக் காவல் வைத்து உட்காரவைத்திருந்தார்கள். எமல்டாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"ஒக்காரு முனிரத்தினம். நான் விசாரிக்க வரல, கேட்டுட்டுப் போக வந்தேன். நீ மாவைத் தவிர வேற இன்னா சாப்பிடுறே?"

அவன் காவல்காரனை ஒரு பார்வை பார்த்தான். எமல்டா காவல்காரனைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"சொன்னா அதுவும் குத்தந்தான் மேடம்," என்றான் அவன். "நீங்க எழுதின விதியிலேயே கீது. வடிநீரைக் குடிச்சா மேல அனுப்பணும்னு."

"வடிநீரக் குடிக்கிறியா?"

"ரசம் வெச்சிக் குடிக்கிறோம். மொதத் தண்ணி ஆவாது, மண்ணு நாத்தம். ரெண்டாந்தண்ணி நல்லா கெட்டியா, செவப்பா வரும். அதுல புளியும் மொளகும் போட்டு ஒரு கொதி விட்டா..." அவன் நிறுத்தினான். "ருசிக்குத்தான் மேடம். அந்த மாவத் தின்னு தின்னு நாக்கு மரத்துப்போச்சி."

"அதுல பூனைக்காலி விஷம் எறங்கியிருந்தா?"

"இப்ப எங்க மேடம் பூனைக்காலி வருது? வெதயப் பொறுக்கற மிஷின் வந்து ஒம்போது வருசமாச்சி. ஒண்ணு கலந்தாலும் தள்ளிடுது. அது வந்த மறு வருசந்தான் நாங்க குடிக்க ஆரம்பிச்சோம். நான் ஒண்ணும் தெரியாத்தனமா குடிக்கல. அந்தப் பதினோரு பேர்ல நானும் ஒருத்தன்."

எமல்டா அவன் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். நினைவு வந்தது. நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு கிடந்த ஒரு மெலிந்த இளைஞன். தம்பி செத்த பிறகும் எழுந்து போகாமல், அவள்தான் அந்த இளைஞன் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்து துணியில் நனைத்து நனைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"ரசம் மட்டுந்தானா?"

"மொதத் தொட்டி சல்லடையில மாட்டிக்கினு மொளவுட்ட பயிறு இருக்கும். டெய்லி கழுவணும்னு ரூல். நாங்க ரெண்டு நாளைக்கி ஒருவாட்டி கழுவறது. சோம்பேறித்தனந்தான், மறைக்கல. அதுக்குள்ள வாலு வுட்டுடும். அத லேசா வதக்கித் துன்னுவோம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "உங்களுக்கும் அனுப்பறோமே மேடம்."

"எனக்கா?"

"தெனம் பதினோரு மணிக்கி உங்க ரூமுக்கு ஒரு ஃபிளாஸ்க் வருதே. கேன்டீன்ல இருந்து வருதுன்னு நெனச்சீங்களா? என் பொண்டாட்டி கையால வெக்கறது. எட்டு வருசமா அனுப்பறோம். இன்னான்னு சொன்னா குடிக்க மாட்டீங்க, அதான் சொல்லல. அன்னிக்கி நீங்க ஒக்காந்து தண்ணி குடுக்கலன்னா நான் இல்ல. அதுக்கு வேற இன்னா செய்யறது நான்."

ஊரில் பாதிப் பேருக்கு வாயோரம் வெடித்துப் புண்ணாகியிருந்தது. பாதம் மரத்தவர்களும் படியேறினால் மூச்சு வாங்குகிறவர்களும் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். தனக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை என்று எமல்டா ஒருநாளும் யோசித்ததில்லை. தெம்பான உடம்பு வாய்த்தது கடவுள் கொடுத்தது என்று நினைத்திருந்தாள்.

"ஃபிளாஸ்க்குக்கு ரொம்ப நன்றி முனிரத்தினம்," என்றாள் கடைசியில். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மூன்று தண்ணீரிலும் ஒவ்வொரு புட்டி பிடித்துக்கொண்டு அவள் ஆய்வகத்துக்குப் போனாள். வேகாத பயறு ஒரு கைப்பிடி, சல்லடையில் முளைத்தது ஒரு கைப்பிடி, மாவு ஒரு கரண்டி. இரண்டு பகல் முழுக்க அளந்தாள்.

தவறு எங்கே என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. பதினான்கு வருட அறிக்கைகளிலும் ஆழூர் உணவில் ஃபோலேட், இரும்பு, துத்தநாகம் எல்லாம் தேவைக்கு மேலே என்றுதான் இருந்தது. அந்த எண்கள் அத்தனையும் வேகாத பயறுக்கானவை. களத்திலிருந்து வந்த பயறை அளந்தார்கள். வாய்க்குள் போகிற மாவை யாரும் அளக்கவில்லை. வேகாத பயறில் நூறு பங்கு இருந்த ஃபோலேட், மாவில் பதினைந்து பங்குகூட இல்லை. பெரும்பகுதி தண்ணீரோடு போயிருந்தது, மிச்சத்தை உருளைச் சூடு தின்றிருந்தது. விரல் மிஷினின் பச்சை விளக்கும் பொய் சொல்லவில்லை, ஊரின் சராசரிக்கு ஒத்துப்போனால் பச்சை காட்டு என்று அதற்குச் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். ஊரே ஒன்றுபோல வாடியிருந்ததால் வாட்டமே வழக்கமான அளவு ஆகிவிட்டது. வாடாமல் இருந்த ஆறு பேர் திருடர்களாகத் தெரிந்தார்கள்.

விதி எழுதியது அவள். அது அன்றைக்குத் தேவையாகவும் இருந்தது. ஆனால் விதை பொறுக்கும் மிஷின் வந்த அன்றே அதைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தலாமா என்ற கேள்விகூட அவளுக்கு எழவில்லை. வாசலில் மெழுகுவத்தி எரியும்போது அந்த மாதிரிக் கேள்வி யாருக்குத் தோன்றும்? ஒன்பது வருடம். முப்பத்தொன்றில் பத்தொன்பது பிள்ளைகள் அந்த ஒன்பது வருடத்தில் பிறந்தவை. எமல்டா பதிவேட்டைத் திறந்து பத்தொன்பது பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். பெயர் வைக்காததற்கு அம்மாவின் பெயர் எழுதியிருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் ஆரோனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் படிக்காத மனிதர் இல்லை, ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ஃபோலேட் தண்ணியில போகுதுன்னு சொல்றே, சரி. இரும்பு எப்படிம்மா போகும்? அது உலோகமாச்சே. சூட்டுல அழியுமா?"

"அழியாது அண்ணே. கொஞ்சம் தண்ணியில போகுது, மிச்சம் மாவுலயேதான் இருக்கு. ஆனா பயறுக்குள்ள ஒரு அமிலம் இருக்கு, அது இரும்பையும் துத்தநாகத்தையும் இறுக்கிப் புடிச்சுக்கும். நம்ம குடலுக்கு விட்டுக் குடுக்காது. எவ்வளவு வேகவெச்சாலும் அந்தப் பிடி பெருசா தளராது. விதை முளைக்க ஆரம்பிச்சா அதுவே அந்தப் பிடியைத் தளர்த்திக்கும், குருத்துக்கு வேணுமே. முளைவிடும்போது வைட்டமின் சியும் புதுசா உண்டாகுது, அது இருந்தா இரும்பு இன்னும் சுலபமா உடம்புல சேரும். அவங்க சல்லடையைக் கழுவாம விட்டதுதான் அவங்களைக் காப்பாத்தியிருக்கு."

"அப்ப ஊறவைக்கிறதே தப்பா?"

"இல்ல. ஊறவெச்சா வயித்துப் பொருமல் குறையும், அந்த அமிலமும் கொஞ்சம் இறங்கும். ஒவ்வொரு பக்குவமும் ஒண்ணைக் குடுத்து ஒண்ணை எடுத்துக்கும். நான் எடுக்கிறதை மட்டும் மூணு தரம் செஞ்சிட்டேன்."

ஆரோனின் மகள் பெயரும், பெயர் வைக்காத அவள் பிள்ளைக்காக, அந்தப் பத்தொன்பதில் உண்டு.

"ஒண்ணு சொல்றேன், கேளு," என்றார். "வழக்கை நான் தள்ளிடுறேன். மிஷின் கோளாறுன்னு சொல்லிடலாம். நாளையிலேர்ந்து பக்குவத்தை மாத்திடு. முளைகட்டு, தண்ணியை வடிக்காதே. புது முறைன்னு சொல்லு, ஜனங்க சந்தோசமா சாப்பிடுவாங்க. பழசை எதுக்குக் கிளறணும்? உன்னை நம்பித்தான் இந்த ஊர் சாப்பாட்டுல கை வைக்குது. அந்த நம்பிக்கை போச்சுன்னா எதைத் தின்னச் சொல்லுவே?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எமல்டாவுக்கு ஆசையும் இருந்தது. அப்படிச் செய்தால் ஒரு பிள்ளைகூட இனிச் சாகாது, ஒரு மெழுகுவத்திகூட அணையாது.

"நாளைக்கி சொல்றேண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

விசாரணை பொதுக்கூடத்தில் நடந்தது. பழைய பாறை வெட்டில் உண்டான பெரிய குகை அது. ஐந்நூறு பேர் நிற்கலாம், எழுநூறு பேர் நின்றார்கள். முனிரத்தினமும் கோகிலாவும் முன்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கோகிலா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் புருஷனின் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். ஆரோன் எழுந்து, மிஷினில் கோளாறு இருப்பதாகத் தெரிய வருகிறது என்று தொடங்கினார்.

"மிஷின்ல கோளாறு இல்ல," என்றாள் எமல்டா.

அவள் எழுந்து தன் விரலை மிஷினில் வைத்தாள். மேலே பெரிய திரையில் நீலம் எரிந்தது. கூடத்தில் முணுமுணுப்பு பரவி அடங்கியது. அவள் எதையும் விடாமல் சொன்னாள். நீலம் வந்ததை மறைத்து, பழுது என்று தாள் ஒட்டியதையும் சொன்னாள். பதினொரு மணி ஃபிளாஸ்க்கைச் சொன்னாள். வேகாத பயறை அளந்து மாவை அளக்காமல் விட்டதையும், விதியைத் திருத்தாத ஒன்பது வருடத்தையும் சொன்னாள்.

"இவங்க எதையும் திருடல. நாம கீழ ஊத்தினதை எடுத்துக் குடிச்சாங்க. கொட்டச் சொன்னது நான்."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். யசோதரை. பாறை குடையும் பிரிவில் வேலை செய்பவள், முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பிள்ளைகளைப் பெற்று இரண்டையும் ஒரு வாரத்துக்குள் புதைத்தவள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். பாறைக் காத்தால இல்லன்றீங்களா?"

"பாறைக் காத்து நுரையீரலுக்குக் கெடுதல், அது நிஜம். ஆனா முதுகு மூடாமப் போறதுக்கு அது காரணம்னு யாரும் நிரூபிச்சதில்ல. வேற காரணம் தெரியாததால அப்படி எழுதினோம்."

"அப்ப என் புள்ளைங்க ரெண்டும்?"

எமல்டா அவள் கண்ணைப் பார்த்தாள். "உறுதியா இதுதான்னு ஒவ்வொரு பிள்ளைக்கும் என்னால சொல்ல முடியாதும்மா. பெரும்பாலும் இதுதான். சாப்பாட்டுல ஃபோலேட் இருந்திருந்தா பெரும்பாலும் ரெண்டும் பொழச்சிருக்கும்."

யசோதரை திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். அவளுக்கு வழிவிட்ட ஜனங்கள் அந்த வழியை மூடவே இல்லை. அதே வழியில் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். கோகிலா மட்டும் எழுந்து வந்து எமல்டாவின் கையைப் பிடித்தாள். அந்தக் கையைத் தன் கன்னத்தில் ஒரு தடவை வைத்துக்கொண்டு போனாள்.

எமல்டா பதவியை விட்டாள். சபை அவளை வேறு எதுவும் செய்யவில்லை. எந்தத் தண்டனை பொருந்தும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. பக்குவத்தை மட்டும் அவளே வகுத்துக் கொடுத்தாள். ஒருமுறை ஊறவைத்து, ஈரத் துணியில் பரப்பி இரண்டு நாள் முளைகட்டி, அளவான தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடே பரிமாற வேண்டும். ஒரு பங்கை அரைத்துப் புளிக்கவைத்துத் தோசைக்கு. வறுக்கும் உருளையை நிறுத்தினார்கள். மாதம் ஒருமுறை பயறை அல்ல, தட்டில் இருப்பதை அளக்க வேண்டும், விதியையும் வருடத்துக்கு ஒருமுறை வேறொருவர் எடுத்துச் சந்தேகப்பட்டுப் பார்க்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தாள். புதுச் சாப்பாட்டின் சத்து உடம்பில் சேரும்வரை கொடுக்க, சேமிப்புப் பொடியை முதலில் பெண்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

பிறகு முளைகட்டும் கூடத்திலேயே வேலை கேட்டாள். வடிநீர்ப் பிரிவில் வடிக்க இனி ஒன்றுமில்லாததால் முனிரத்தினத்தை அந்தக் கூடத்துக்கு மேஸ்திரி ஆக்கியிருந்தார்கள். அவன் அவளை மேடம் என்பதை விடவில்லை. அவளும் அவன் சொன்ன வேலையைச் செய்தாள். நீளமான தட்டுகளில் துணி விரித்து, ஊறிய பயறைக் கையால் பரப்பி, நாலு மணிக்கொரு தரம் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

முதல் சில மாதங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. நடைபாதையில் எதிரே வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த வருடம் அவள் வாசலில் மெழுகுவத்தி இல்லை. ஒருநாள் யாரோ கதவில் மாவைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள்; அவள் துடைத்துவிட்டு வேலைக்குப் போனாள். ஆனால் வாய்ப் புண்கள் ஆறின. படியேறுகிறவர்கள் நடுவில் நின்று மூச்சு வாங்குவது குறைந்தது. விரல் மிஷினில் நீலம் பத்து பேருக்கு, நூறு பேருக்கு, பிறகு ஊருக்கே எரிந்தது. எதை வழக்கமான அளவு என்று வைப்பது என்று மிஷினுக்கு மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கோகிலாவுக்குப் பெண் பிறந்தது. குழந்தையைக் குளிப்பாட்டிய தாதி அதைக் குப்புறப் போட்டு, கழுத்திலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அழுதாளாம். முனிரத்தினம் இதைச் சொன்னபோது எமல்டா பயறைப் பரப்பிக்கொண்டே கேட்டாள். பரப்பின இடத்திலேயே இன்னொரு தரம் பரப்பிக்கொண்டிருந்தாள். இந்தக் கூடமும் இந்த வேலையும் இந்த மனிதனும் தனக்குக் கிடைத்ததற்கு அவள் தினமும் உள்ளுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலை நேரத்தில் யசோதரை முளைகட்டும் கூடத்துக்கு வந்தாள். பாறைப் பிரிவின் சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தாள். முனிரத்தினம் ஏதோ வேலை இருப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டான்.

எமல்டா கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து இந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்தாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள்.

"உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல மேடம்," என்றாள் யசோதரை. "அது முடியுமான்னு தெர்ல."

"வேணாம்மா. நான் எதிர்பாக்கல."

"இருங்க, நான் சொல்லிக்கிறேன். நான் மாசமா இருக்கறப்ப ஆறு மாசம் வரைக்கும் யாருக்கும் சொல்லாம பாறைக்குப் போனேன். சொன்னா வேலைய மாத்திடுவாங்க. மொதல்ல அப்டி போனேன், ரெண்டாவதுக்கும் அப்டியே போனேன். பாறைக் காத்துதான் காரணம்னு டாக்டர் சொன்னாரா, அப்ப நானே என் புள்ளைங்கள அந்தக் காத்துக்குள்ள தூக்கிக்கினு போயிட்டேன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. ஏழு வருசமா அத வெச்சிக்கினு இருந்தேன் மேடம். தூங்கி எந்திரிச்சா மொத நெனப்பு அதுதான்."

எமல்டா கை துடைத்த துணியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"அன்னிக்கி நீங்க சொன்னதும் வெளிய போனேன் இல்ல, கோவத்துல போனேன்னு எல்லாரும் நெனச்சாங்க. கோவம் பின்னாடிதான் வந்துது. மொதல்ல எனக்கு மூச்சு வந்துது. நான் பண்ணல, நான் பண்ணலன்னு சொல்லிக்கினே நடந்தேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "தலைவரு மூடி மறைக்கச் சொன்னாராம், முனிரத்தினம் சொல்லிச்சி. நீங்க அதக் கேட்டிருந்தீங்கன்னா, எல்லாம் நல்லாப் போயிருக்கும். ஊருக்குச் சத்து வந்திருக்கும், உங்களுக்கு மெழுகுவத்தி வந்திருக்கும். எனக்கு மட்டும் சாவுற வரைக்கும் தெரிஞ்சிருக்காது. அதுக்குத்தான் வந்தேன். நன்றி மேடம்."

பதினான்கு வருடம் எமல்டாவின் வாசலில் குவிந்த நன்றிகளில் ஒன்றுகூட அவளை அழவைத்ததில்லை. இப்போது இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். யசோதரை அவளைத் தேற்றவில்லை. பொறுமையாக நின்றாள். அழுகை ஓய்ந்த பிறகு சட்டையின் முதல் பட்டனைத் தளர்த்திக்கொண்டு, வயிற்றின் மேல் கையை வைத்தாள். அப்போதுதான் எமல்டா கவனித்தாள்.

"நாலு மாசம்," என்றாள் யசோதரை. "இந்த வாட்டி மொத மாசமே சொல்லிட்டேன். பாறைக்குப் போவாதன்னுட்டாங்க. இங்க ஆளு வேணும்னு போர்டு போட்டிருந்தீங்களே, உக்காந்து செய்யற வேலைதானே?"

"உக்காந்தும் செய்யலாம், நின்னும் செய்யலாம்," என்றாள் எமல்டா. "துணி எப்பவும் ஈரமா இருக்கணும், அவ்வளவுதான்."

பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டாள். யசோதரை உட்கார்ந்து, ஊறிய பயறில் ஒரு கை அள்ளித் துணிமேல் வைத்துப் பரப்பத் தொடங்கினாள். நடுவில் குவிந்து ஓரத்தில் வெறிச்சென்று இருந்தது. எமல்டா எதுவும் சொல்லாமல் கொஞ்சம் தள்ளி நின்று, தட்டில் அவளுக்குப் பாதி இடம் விட்டாள்.